யாரும் பிறக்காத பிறந்தநாள்கள்

வெள்ளானூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், என் வீட்டுக் கூடத்தில், ஒரு நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை பல பிறந்தநாள்கள் கொண்டாடினோம். அவற்றில் ஒன்றுகூட உண்மையான பிறந்தநாள் இல்லை. யாருக்கு, எந்தச் சனிக்கிழமை என்று முடிவு செய்தவன் நான்தான்.

தேதி விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று சொன்னால்தான் இதிலுள்ள வெட்கம் புரியும். எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்த தேதியை மறந்தவர்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள். பாடி மேம்பாலத்தை எப்போது திறந்தார்கள், எங்கள் தெருவுக்கு எந்த மழைக்குப் பிறகு தார் போட்டார்கள், எந்த ஆயர் எந்த லெந்து நோன்புக் காலத்தில் மாற்றலாகிப் போனார், எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் யாராவது "அந்தப் புயல் வந்த வருஷம்" என்று ஆரம்பித்தால், எந்தப் புயல் என்று கேட்டுத் திருத்தாமல் என்னால் அடுத்த கவளம் எடுக்க முடியாது. என் மனைவி இதை வியாதி என்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது முற்றிவிட்டது என்றும் சொல்வாள்.

இதில் நான் பெயர்களை விட்டுவிட்டேன். தேதிகளையும் விட்டிருக்கிறேன். எங்கள் கட்டடத்துக்காரர்களுக்குத் தேதி தெரிந்தால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அம்பத்தூரில் நெடுங்காலம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற ஆண்டில்தான் இங்கே சொந்தமாக வாங்கி வந்தோம். கட்டடத்தில் பெரும்பாலும் சம்பளக்காரர்கள். மதுரை, கோவை, நாகர்கோவில், திருச்சி என்று எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. சுதந்திர தினத்தன்று கீழே கொடியேற்றிவிட்டு, "சார், நீங்க நிறைய படிக்கிறவராமே, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று சங்கச் செயலாளர் மைக்கைக் கொடுத்தார். அவர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், நாற்பது வயதிருக்கும், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார். நான் இந்தப் பக்கத்து ஏரிகளைப் பற்றிப் பேசினேன். எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்குத் தண்ணீர் போனது, நாம் நிற்கும் இடத்தில் என்ன பயிர் இருந்தது என்று சொன்னேன். கை தட்டினார்கள். அன்றிலிருந்து நான் கட்டடத்துக்கு 'ஹிஸ்டரி சார்'. பிள்ளைகள் லிஃப்டில் பார்த்தால்கூட "ஹிஸ்டரி சார், குட்மார்னிங்" என்பார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சபையில் எனக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. ஒரே ஒருமுறை ஆயர் ஊரில் இல்லாத ஞாயிறு பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். ஆண்டவர் பிறந்தபோது குடிமதிப்பு என்ற மக்கள்கணக்கு எடுத்தது எந்த ஆண்டு என்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. முன் வரிசையில் பாடகர் குழுப் பெண் ஒருத்தி கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்தாள். அதன் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. ஊழியம் செய்ய வேண்டும் என்ற ஆசை இளமையிலிருந்தே இருந்தது; வாய்தான் இல்லை. அதனால் புதுவீட்டுக்கு வந்த ஆகஸ்டில் ஆயர் வந்து, "இந்தப் பக்கம் நம்ம ஜனங்க அங்கங்க சிதறிக் கிடக்கிறாங்க. ரெண்டாம் சனி, நாலாம் சனி பகுதி ஜெபக்கூட்டத்துக்கு உங்க வீட்டைக் கொடுங்க" என்று கேட்டபோது, இதுதான் என் அழைப்பு என்று நம்பினேன். கூடத்தில் என்னையும் மனைவியையும் முழங்காலில் நிற்க வைத்து, தலையில் கை வைத்து ஜெபித்தார். இந்த வீட்டுக் கதவு கஷ்டப்படுகிறவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று ஜெபித்தார். நான் ஆமென் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆவடியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர். எழுபதைக் கடந்தவர், நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியம்மா என்போம். அவரை ஏற்றிக்கொண்டு வரும், பாடியைச் சேர்ந்த ஆட்டோக்காரர். பக்கத்துத் தெருவில் ஒரு கணினிக்காரத் தம்பதி. சில வாரம் அவர்கள் கூட்டி வரும் ஒன்றிரண்டு பேர். ஆட்டோக்காரர் கஞ்சிரா தட்டுவார். தாளம் கொஞ்சம் முந்தும். ஆனால் மனதோடு தட்டுவார்.

நவம்பர் மழையில்தான் பிரச்சினை வந்தது. நனைந்த செருப்புகள் மாடிப்படியருகே கிடந்தன. விருந்தினர் வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்டோ நின்றது. அந்த வாரமே கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. குடியிருப்பு வீடுகளில் மதக் கூட்டங்களைத் தவிர்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம் என்று. எந்த வீடு என்று போடவில்லை. கீழே ஒருவர், "ஞாயித்துக்கிழமை சர்ச்சு இருக்குல்ல, அங்க பாடறதுக்கு என்ன?" என்று போட்டார். இன்னொருவர், "ஆள் சேக்கறதுக்கு வீடு வீடாத்தான் வருவாங்க ப்ரோ" என்றார். அதற்குச் சிலர் சிரிக்கும் முகத்தை அனுப்பினார்கள். அந்தச் சிலரில் இருவர் என் சுதந்திர தினப் பேச்சை வீடியோ எடுத்தவர்கள்.

பதில் எழுதி எழுதி அழித்தேன்.

அதற்கடுத்த சனி காலை, பால் வாங்கிக்கொண்டு வரும்போது வாசலில் செயலாளர் நின்றிருந்தார்.

"சார், சனிக்கிழமையானா உங்க வீட்டுக்கு ஆளுங்க வராங்களே, என்ன விசேஷம்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஜெபக்கூட்டம் சார், செருப்பை இனிமேல் உள்ளே விடச் சொல்கிறேன், ஆட்டோவை வெளியே நிறுத்தச் சொல்கிறேன் என்றிருந்தால் முடிந்திருக்கும்.

"பர்த்டே சார்," என்றேன்.

"அப்படியா! யாருக்கு?"

"எங்க பெரியம்மாவுக்கு."

"எத்தனை வயசு சார்?"

"எழுபத்தஞ்சு."

"பவள விழாவா? சொல்லவே இல்லையே சார் நீங்க!"

நான் மாடி ஏறி முடிப்பதற்குள் குழுவில் பூங்கொத்துப் படம் வந்துவிட்டது. ஹிஸ்டரி சார் வீட்டுப் பெரியம்மாவுக்குப் பவள விழா வாழ்த்துகள் என்று செயலாளர் போட்டிருந்தார். வரிசையாகக் கை கூப்பிய படங்கள். மனைவி போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தம்மாவுக்கு எழுபத்திரண்டுதானே? வயசைக்கூட ஏத்திட்டீங்களா?"

வேறு வழியில்லாமல் ஆவடி மார்க்கெட் பக்கம் போய்ச் சின்னதாக ஒரு கேக் வாங்கி வந்தேன். பெட்டி வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு வந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். "பொய்க்குக் கேக் வேறயா?" என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டாளே தவிர, கத்தியையும் தட்டையும் எடுத்து வைத்தாள்.

பெரியம்மா முதல்முறை அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். ஆனால் கத்தியைத் தொடவில்லை. ஆட்டோக்காரர்தான் வெட்டினார்.

அதன் பிறகு அது ஒரு முறையாகிவிட்டது. கூட்டம் தொடங்கும்போது ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடுவோம், கை தட்டுவோம். பிறகு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, படுக்கையறையில் டிவியைச் சத்தமாக ஓடவிட்டு, கூடத்தில் முணுமுணுப்பாக ஜெபிப்போம். பொய்யை ஊர் கேட்கப் பாடினோம். ஆண்டவரிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டோம். கஞ்சிராவை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன். கணினிக்காரத் தம்பியின் பிறந்தநாள், அவன் மனைவியின் பிறந்தநாள், என் மனைவியின் பிறந்தநாள் எல்லாம் அந்தக் குளிர்காலத்தில் வந்து போயின.

டிசம்பரில் மட்டும் பொய் தேவைப்படவில்லை. கிறிஸ்மஸ் என்றால் எல்லோருக்கும் சம்மதம். எல்லா வீட்டுக்கும் கேக்கும் முறுக்கும் கொடுத்தோம். "சார், மேடம் செய்ற கேக் சூப்பர்" என்று செயலாளரே சொன்னார். பிளம் கேக்காக இருந்தால் என் விசுவாசத்தை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நான் மனைவியிடம் கசப்பாகச் சொன்னேன். "நீங்களும் கேக்காத்தானே காட்டினீங்க?" என்றாள்.

ஜனவரியில் ஆட்டோக்காரர் படியேறி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"இன்னாண்ணே, ஏசப்பாவுக்கே வருசத்துக்கு ஒரு தபாதான் பொறந்தநாளு. உன் ஊட்ல மாசத்துக்கு ரெண்டு தபா கீதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எனக்கு ஒண்ணு போட்டுவுடுண்ணே. எங்கம்மாவுக்கே நான் பொறந்த தேதி தெரியாது. வாத்தியாரு போட்டதுதான் சர்ட்டிபிகேட்ல கீது. நீ எதுனா நல்ல நாளாப் பாத்துப் போடு, அதையே வச்சுக்கினு போறேன்."

"போட்டுடலாம்" என்றேன். தேதி தெரியாத மனிதருக்கு ஊர்க் கலவரம், வெள்ளம், தேர்தல் என்று விசாரித்து உண்மையான மாதத்தையாவது கண்டுபிடித்துக் கொடுக்கிறவன் நான். அன்று அப்படி ஒரு எண்ணமே வரவில்லை.

பிப்ரவரி நான்காம் சனி, லெந்து காலத்துக்கு முந்தின வாரம். அன்று மறுபடியும் பெரியம்மாவுக்குத்தான் பிறந்தநாள் என்று செயலாளரிடம் சொல்லியிருந்தேன். "நவம்பர்லயே ஆச்சே சார்?" என்றார். "அது சர்ட்டிபிகேட்ல உள்ள தேதி, இது நட்சத்திரம்" என்றேன். கிறிஸ்தவ வீட்டில் நட்சத்திரம் பார்ப்பதில்லை என்று அவருக்குத் தெரியாமல் போனது என் அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வாழ்த்துப் பாடி முடித்து ஜன்னலைச் சாத்தப் போகும்போது அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டு அம்மா நின்றிருந்தார். இந்த வெள்ளானூரிலேயே பிறந்தவர். நாங்கள் குடியிருக்கும் இடம் வயலாக இருந்தபோது அவருடைய அப்பா அம்மா இதில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இப்போது அவருடைய கணவருக்கும் மகனுக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலை. அவருக்குப் பக்கத்துக் கல்லூரி விடுதியில் சமையல் வேலை. கடன் வாங்கி இந்த வீட்டை வாங்கியவர்கள். எங்களோடு அளவாகப் பேசுவார். கையில் ஒரு கிண்ணம் கேசரி, ஒரு நூல் புடவை. பின்னால் மருமகள், தலை குனிந்தபடி.

"பெரியவங்களுக்குப் பொறந்தநாளுன்னு கேள்விப்பட்டேன் சார். சும்மா வரக்கூடாதுன்னு வந்தேன்."

உள்ளே வந்து புடவையைப் பெரியம்மாவின் மடியில் வைத்தார். பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் கேக்கைப் பார்த்தேன்.

"அம்மா, இவ என் மருமவ. ரெண்டு தபா உண்டாகி ரெண்டும் தங்கல. இப்ப மறுபடியும் மூணாவது மாசம் நடக்குது. ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்துகினு கீறா. நீங்க ஒரு வார்த்தை வாழ்த்துங்கம்மா."

மருமகள் பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பெரியம்மா அவளுடைய வயிற்றை ஒரு நர்சின் கண்ணோடு பார்த்தார். பிறகு தலையில் கை வைத்தார், கண்ணை மூடினார், "ஆண்டவரே, இந்தப் பிள்ளை" என்று ஆரம்பித்தார்.

அவர் குரல் மெதுவான குரல் அல்ல. வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டுப் பழகிய குரல். ஜன்னல் திறந்திருந்தது. கீழே செயலாளர் யாரிடமோ பேசுவது எனக்குக் கேட்டது. அப்படியென்றால் இங்கே பேசுவது அவருக்கும் கேட்கும்.

நான் இருமினேன். வேண்டுமென்றே, பலமாக இருமினேன். பெரியம்மா நிறுத்திக் கண் திறந்தார். "கேக் வெட்டிடலாமா பெரியம்மா? இவங்களுக்கும் நேரமாகும்ல" என்றேன்.

அவர் கையை எடுத்தார். "நல்லா இரு" என்று மட்டும் சொன்னார். எதிர் வீட்டு அம்மா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மருமகளை எழுப்பி, நான் கொடுத்த கேக் துண்டை வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம், டிவியை வைத்தோம், உலக சமாதானத்துக்காக ஜெபித்தோம்.

போகும்போது பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டே பேசினார்.

"நான் பொறந்தது ஆகஸ்ட்ல. நீ எனக்கு நவம்பர்ல கேக் வெட்டினே, பிப்ரவரியில வெட்டினே. போகட்டும். இருமினியே தம்பி."

அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். மார்ச் முழுவதும் கூட்டமே நடக்கவில்லை; முதலில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

லெந்து நாள்களில் தினமும் காலையில் வாசிப்பதும் ஜெபிப்பதும் என் பழக்கம். அந்த ஆண்டு எதை வாசித்தாலும் என் இருமல்தான் கேட்டது. பயந்துபோய் விசுவாசத்தை மறுதலிப்பதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். சிங்கக் குகைகளுக்கு முன்னும் சிறைச்சாலைகளிலும் மறுதலித்தவர்களின், மறுதலிக்காதவர்களின் வரலாறுகள் என் அலமாரியில் இருக்கின்றன. அவர்களுக்கு உயிர் போகும் பயம். எனக்கு 'ஹிஸ்டரி சார்' என்ற பெயர் போகும் பயம். என்னை யாரும் அடிக்கவில்லை, வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. அன்புடன் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆயரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "நிறைய வீட்ல அப்படித்தான் நடக்குது. ஃபங்ஷன்னு சொல்லித்தான் சமாளிக்கிறாங்க. நீங்க ஞானமா நடந்துக்கோங்க, பெரிசு பண்ணாதீங்க" என்றார். நான் பெரிசு பண்ண வேண்டும் என்று சைக்கிளில் திரும்பி வரும்போது தீர்மானித்தேன்.

முதலில் எதிர் வீட்டுக்குப் போனேன். ஏப்ரலில், ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், மாலை. அந்த அம்மா விடுதியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு எங்க வீட்ல நடந்தது பிறந்தநாள் இல்ல. ஜெபக்கூட்டம். நான் பொய் சொன்னேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"எதிர் ஊட்ல கீறேன், தெரியாதா? முன்னாடியெல்லாம் நல்லாப் பாடுவீங்க. அப்புறம் திடீர்னு டிவி சத்தம். மாசத்துக்கு ரெண்டு பொறந்தநாளு. நாங்க இன்னா சின்னப் புள்ளைங்களா?"

நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"அப்புறம் ஏம்மா புடவை, கேசரி எல்லாம்..."

"ஜெபம் பண்ணுவீங்கன்னுதான் வந்தேன் சார். அந்தம்மா ஆஸ்பத்திரில இருந்தவங்க, நல்லா ஜெபம் பண்ணுவாங்கன்னு ஆட்டோக்காரரு சொன்னாரு. எங்களுக்கு எல்லா சாமியும் சாமிதான். மருமவளும் சரின்னா. நேரா வந்து ஜெபம்னு கேட்டா உங்களுக்குச் சங்கடமாப் பூடும்னு பொறந்தநாளுன்னே சொல்லிகினு வந்தேன். நீங்க அதையும் நிறுத்திட்டீங்க."

கோபமில்லாமல் சொன்னார். கோபமிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்க முடியும். நான் மறைத்ததை எனக்காக அவரும் மறைத்து வந்திருக்கிறார். நான் காப்பாற்றிக்கொண்டது என் மானத்தை. அவர் காப்பாற்றியதும் என் மானத்தைத்தான்.

"இப்ப பெரியம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா? மருமகளுக்கு..."

"அவ அவங்கம்மா ஊட்ல கீறா சார். டாக்டரு படுத்தே இருக்கணும்னு சொல்லிட்டாங்க. வந்தா பாக்கலாம்." கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தினார். "அந்தப் பொடவையை மட்டும் திருப்பிக் குடுத்துடாதீங்க. அது அந்தம்மாவுக்குன்னு எடுத்தது."

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. மாலையில் கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, நாய் எல்லாம் முடிந்து "வேறு ஏதாவது?" என்று செயலாளர் கேட்டபோது எழுந்தேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வீட்ல சனிக்கிழமை நடந்தது பிறந்தநாள் இல்ல. ஜெபக்கூட்டம். நவம்பர்லருந்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டிருந்தேன். மன்னிக்கணும். கூட்டம் இனிமேலும் நடக்கும். செருப்பு வெளியில கிடக்காது, ஆட்டோ ரோட்ல நிக்கும், எட்டு மணிக்குள்ள முடிச்சிடுவோம். ஆனா பாட்டு இருக்கும், ஜெபம் இருக்கும். யார் கஷ்டம்னு வந்தாலும் கதவு திறந்திருக்கும்."

முதலில் செயலாளர்தான் பேசினார். அவருடைய முகம் சுருங்கிப்போயிருந்தது.

"சார், நான் பூங்கொத்து போட்டேன் சார். பவள விழான்னு போட்டேன். எங்கம்மாகிட்டகூட சொன்னேன், எங்க அபார்ட்மென்ட்ல ஒரு சார் அவங்க பெரியம்மாவுக்கு எவ்வளவு ஆசையாப் பண்றாருன்னு."

"மன்னிச்சிடுங்க சார்."

"கேட்டிருந்தா நான் என்ன தூக்கிலயா போட்டிருப்பேன்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "வர்ற சனிக்கிழமை யாருக்கு சார் பர்த்டே?" எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், "பொய் சொல்றவரு வீட்ல சத்தியத்தைப் பத்திக் கூட்டமாம்" என்றார். அதற்குச் சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. செயலாளர் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

விசுவாசத்துக்காக ஒருவன் ஏளனத்தைத் தாங்கினால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. நவம்பரில் வாசலில் நின்றபோது அந்த ஏளனம் எனக்குக் காத்திருந்தது, நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஏப்ரலில் எனக்குக் கிடைத்தது வேறு. அது என் பொய்க்குக் கிடைத்த ஏளனம். விசுவாசத்துக்காகப் பாடுபடுகிறேன் என்று என்னால் தலை நிமிர்ந்து சொல்ல முடியாது. என்னால்தான் அந்த விசுவாசமும் அன்று சிரிப்புக்கு இடமானது. தாங்கத்தான் வேண்டும், ஆனால் அதைச் சாட்சி என்று சபையில் சொல்லிக்கொள்ள முடியாது. சொல்லவும் இல்லை.

கூட்டத்தைத் தடுக்கச் சங்க விதியில் இடமில்லை என்று செயலாளரே பார்த்துச் சொன்னார். "சொன்ன மாதிரி நடத்துங்க சார். புகார் வந்தா பேசுவோம்." அதோடு முடிந்தது. ஹிஸ்டரி சார் போய், பர்த்டே சார் ஆனேன். காவலாளி முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சிலருக்கு அது ஏளனம். பிள்ளைகளுக்கு அது வெறும் பெயர். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறேன். ஆயர் போன் செய்து வருத்தப்பட்டார். என்னால் மற்ற கட்டடங்களிலும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். கணினிக்காரத் தம்பதி இனி நேராகச் சபைக்கே வந்துவிடுவதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

பெரியம்மா வீட்டுக்கும் போனேன். எதிர் வீட்டு அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து அந்தப் புடவையை எடுத்துப் பார்த்தார். "வரேன்" என்றார் கடைசியில். "உனக்காக இல்ல."

ஈஸ்டர் முடிந்து, அந்த மாத நான்காம் சனி கூட்டம் போட்டோம். பெரியம்மா, ஆட்டோக்காரர், நான், மனைவி. பெரியம்மா அந்த நூல் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஜன்னல்களும் வாசல் கதவும் திறந்திருந்தன. கீழேயிருந்து யாரோ பையன்கள் பிறந்தநாள் வாழ்த்துப் பாடினார்கள், வேண்டுமென்றே இழுத்து இழுத்து.

ஆட்டோக்காரர் எழுந்தார். "இர்ணே, கீழ போய் நாலு வார்த்த கேட்டுட்டு வரேன்."

"உக்காருங்க. அந்தப் பாட்டை அவங்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன்.

அவர்கள் ஓயும்வரை காத்திருந்து, கீர்த்தனையைத் தொடங்கினோம். என் குரல் இரண்டாவது அடியில் உடைந்தது, மனைவி பிடித்துக்கொண்டாள். பாதிப் பாட்டில் எதிர்க் கதவு திறந்தது. அந்த அம்மா தோளில் ஒரு பையோடு வெளியே வந்து பூட்டினார். திருநின்றவூர் பக்கம், மருமகளின் தாய்வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பையில் இருந்து பிளாஸ்க்கின் கழுத்து எட்டிப் பார்த்தது. நான் பாட்டை நிறுத்தி வாசலுக்கு எழுந்து போனேன்.

"எப்படி இருக்கா?"

"அஞ்சு தொடப்போவுது சார். இன்னும் படுத்துகினுதான் கீறா." திறந்த கதவு வழியே உள்ளே பார்த்தார், பெரியம்மாவின் புடவையைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் இருக்கலாம்தான். ஷேர் ஆட்டோ பூடும். நடத்துங்க சார், நடத்துங்க."

இறங்கிப் போய்விட்டார். நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். யார் ஜெபிப்பது என்று பெரியம்மா கேட்கவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். எதிர் வீட்டு மருமகளுக்காகவும் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்காகவும் நான் ஜெபித்தேன். திறந்த ஜன்னலருகே உட்கார்ந்து, கீழே கேட்கும்படி, சத்தமாகத்தான் ஜெபித்தேன். கேட்க வேண்டியவர் அதற்குள் ரோட்டைத் தாண்டியிருப்பார்.